சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்றால், சட்டப்படி நான் அவருக்கு யார்?

சென்னையில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

நான்கு வருடமாக ஒருவருடன் வாடகை வீட்டில் சேர்ந்து வாழ்கிறார். அவருக்கு 36 வயது. ஏற்கெனவே திருமணமாகி, ஏழு வயதில் மகள் இருக்கிறாள். மனைவி தன்னைக் கொடுமைப்படுத்துகிறார் என்ற காரணத்தைச் சொல்லி மூன்று வருடம் முன்பு குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டார். மனைவி எதிர்த்து வழக்காடுவதால் இன்னும் முடியவில்லை. வாசகியும் அவரும் இந்துக்கள், சாதி வேறு. போன மாதம் ஹவுஸ் ஓனர் வந்து, "மேரேஜ் சர்டிஃபிகேட்டைக் காட்டுங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள்" என்றிருக்கிறார். அசோசியேஷன் செகரட்டரியோ போலீஸில் சொல்வேன் என்று மிரட்டியிருக்கிறார். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு விஷயம் தெரிந்து அழுது தீர்த்த பிறகு, "தை பிறந்ததும் கோயில்ல வெச்சு ஒரு தாலியாவது கட்டச் சொல்லு, ஊர் வாய் அடங்கும்" என்கிறார். தோழி ஒருத்தி, "மூணு வருஷம் ஒண்ணா இருந்தாலே சட்டப்படி மனைவிதான்" என்று தைரியம் சொல்லியிருக்கிறாள். இதற்கிடையில் இருவருமாகச் சேர்ந்து ஒரு ஃபிளாட் புக் செய்திருக்கிறார்கள், அக்ரிமெண்ட் அவர் பெயரில் மட்டும். முன்பணத்தில் 9 லட்சம் இவருடைய சேமிப்பு, அந்தப் பணத்தைக் கொடுத்து 22 மாதம் ஆகிறது. மாதாமாதம் இ.எம்.ஐ.யில் பாதியான 24,000 ரூபாயையும் இவர் அவருக்கு அனுப்புகிறார். "எங்களை யாராவது கைது செய்ய முடியுமா? தாலி கட்டிக்கொண்டால் எனக்குப் பாதுகாப்பு வருமா? ஒருவேளை அவர் என்னை விட்டுப் போய்விட்டால் நான் என்ன கேட்க முடியும்?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை வாசித்ததும் தோன்றியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பயப்படுகிற இடத்தில் அவ்வளவு ஆபத்து இல்லை. தைரியமாக இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. போலீஸை நினைத்து நடுங்குகிறீர்கள், 9 லட்சத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அந்த ஒரு வரிதான் பெரிய கவலை.

போலீஸ் விஷயத்தை முடித்துவிடுவோம். வயது வந்த இருவர் விருப்பப்பட்டுச் சேர்ந்து வாழ்வது இந்தியாவில் குற்றமில்லை. நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பேட்டியில் சொன்ன கருத்துக்காக அவர் மீது 23 புகார்கள் போடப்பட்டன, பெரும்பாலும் தமிழ்நாட்டில். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. சமூகத்தில் பலருக்குப் பிடிக்காத ஒன்று அந்தக் காரணத்தாலேயே குற்றமாகிவிடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அப்போது ஒரு விதிவிலக்கு இருந்தது, பிறன்மனை உறவு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் அந்தப் பழைய 497ஆம் பிரிவும் ஆண் மீதுதான் பாயும், அதுவும் அவன் இன்னொருவரின் மனைவியோடு உறவு வைத்தால்தான். அதையும் 2018 செப்டம்பரில் ஜோசப் ஷைன் வழக்கில் நீக்கிவிட்டார்கள். கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டில் மணமாகாத ஜோடி தங்கியிருந்ததையும் ஒரு காரணமாகக் காட்டி அதிகாரிகள் சீல் வைத்தபோது, மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் கேட்டு, சீலை அகற்றச் சொன்னது. எனவே செகரட்டரி போலீஸுக்குப் போன் செய்தாலும், வருகிற காவலருக்கு உங்களைக் கைது செய்ய எந்தப் பிரிவும் கிடைக்காது. வந்தால் கதவைத் திறந்து, வயதைக் காட்டும் ஓர் அடையாள அட்டையைக் கொடுத்து, 'என் விருப்பத்தின் பேரில் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லுங்கள். எழுதிக் கேட்டால் எழுதியும் கொடுங்கள்.

அவருடைய மனைவி வரதட்சணைக் கொடுமை என்று புகார் கொடுத்தால் என் பெயரும் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். கணவனும் அவனுடைய உறவினர்களும் செய்யும் கொடுமைக்குத்தான் அந்தப் பிரிவு, கணவனின் தோழி அது சொல்கிற 'உறவினர்' ஆக மாட்டார் என்று 2009இல் தமிழ்நாட்டிலிருந்து போன சுவேதா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் விவாகரத்து வழக்கில் உங்கள் பெயர் வரலாம். அதைக் கீழே சொல்கிறேன்.

அனுமதி வேறு, பாதுகாப்பு வேறு

சரி, குற்றமில்லை என்றால் சட்டம் என் பக்கம்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. உங்கள் நிலைமையின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1913இல் வெஸ்லி ஹோஃபெல்ட் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். சட்டக் கல்லூரியில் எல்லோரும் படித்து, பெரும்பாலானோர் மறந்துவிடுகிற கட்டுரை. 'எனக்கு உரிமை இருக்கிறது' என்று நாம் சொல்லும்போது வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்றார். ஒரு காரியத்தைச் செய்யாதே என்று சட்டம் என்னிடம் சொல்லவில்லை என்றால், அதைச் செய்ய எனக்குச் சுதந்திரம் இருக்கிறது, அவ்வளவுதான். அதனால் இன்னொருவருக்குக் கடமை எதுவும் வந்துவிடுவதில்லை. இன்னொருவர் எனக்கு ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் அவரைக் கட்டிப்போட்டால்தான், நீதிமன்றத்தில் போய்க் கேட்கக்கூடிய உரிமை பிறக்கிறது. முதல் வகையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவது வகையின் பலனை எதிர்பார்த்தால் ஏமாந்து போவோம்.

நீங்கள் அவரோடு வாழ்வது முதல் வகை. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்த பிறகு அது இன்னும் உறுதியாகியிருக்கிறது, அரசு உங்கள் படுக்கையறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் அரசு தலையிடாது என்பதால் ஹவுஸ் ஓனர் உங்களுக்கு வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று வராது. வங்கி உங்களை மனைவியாக நடத்த வேண்டும் என்றும், அவர் இறந்தால் சொத்து உங்களுக்கு வர வேண்டும் என்றும் வராது. இதற்கெல்லாம் தனித்தனியாக ஒரு சட்டமோ ஒப்பந்தமோ ஒரு துண்டுக் காகிதமோ வேண்டும். திருமணம் என்பது அந்தக் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிடுகிற ஏற்பாடு. அந்த ஏற்பாடு இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. அதனால் ஒவ்வொன்றாக நீங்களே தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

வாடகை வீடு

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, குடியிருப்பவரை வெளியேற்ற வாடகை நீதிமன்ற உத்தரவு வேண்டும். வாடகைப் பாக்கி, உள்வாடகை, வீட்டைத் தவறான காரியத்துக்குப் பயன்படுத்துவது, உரிமையாளருக்கே வீடு தேவைப்படுவது என்று காரணங்களைச் சட்டமே சொல்லியிருக்கிறது. 'மேரேஜ் சர்டிஃபிகேட் இல்லை' என்பது அதில் கிடையாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி உங்களைத் துரத்தவும் கூடாது. அசோசியேஷனுக்கு ஒருவரைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரமே இல்லை.

ஆனால் அக்ரிமெண்டை எடுத்துப் பாருங்கள். அதில் உங்களைக் 'கணவன் மனைவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பொய்யை உங்களுக்கு எதிராகவே பயன்படுத்துவார்கள். அப்புறம், அக்ரிமெண்ட் காலம் முடிந்ததும் புதுப்பிக்க ஓனருக்குக் கட்டாயம் இல்லை. மணமாகாதவர்களுக்கு வீடு தர மாட்டேன் என்று சொல்லும் தனியாரைத் தடுக்க நம் நாட்டில் நேரடியான சட்டம் இல்லை. ஒரு மதத்தாருக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த ஒரு வீட்டுவசதிச் சங்கத்தின் விதியையே 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. 2023இல் கௌஷல் கிஷோர் வழக்கில், அரசியலமைப்பின் 19, 21ஆம் பிரிவுகள் தரும் சுதந்திர உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் கேட்கலாம் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். வாடகை விஷயத்தில் அது எதிர்காலத்தில் என்ன மாற்றம் கொண்டுவரும் என்று நானும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு உங்கள் வீட்டை முதல் சோதனை வழக்காக்க வேண்டாம். அக்ரிமெண்ட் முடியும் வரை இருந்துவிட்டு, அந்த அவகாசத்தில் உண்மையைச் சொல்லி வேறு வீடு பார்ப்பதுதான் என் யோசனை.

தயவுசெய்து இப்போது தாலி கட்டிக்கொள்ளாதீர்கள்

அம்மாவின் மனசு எனக்குப் புரிகிறது. மகளுக்கு ஒரு மரியாதை வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் உங்கள் கடிதத்திலேயே உண்மையில் ஜெயில் வரை கொண்டுபோகக்கூடிய யோசனை அது ஒன்றுதான்.

அவருடைய முதல் திருமணம் இன்று வரை உயிரோடு இருக்கிறது. மனு போட்டிருப்பதால் அது முறிந்துவிடவில்லை. இந்த நிலையில் கோயிலிலோ, வீட்டிலோ, சுயமரியாதை முறையில் மாலை மாற்றிக்கொண்டோ, எப்படி மணந்தாலும் இந்து திருமணச் சட்டப்படி அந்தத் திருமணம் செல்லாது. செல்லாது என்பதோடு போகாமல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 82ஆம் பிரிவில் அது அவருக்கு ஏழு வருடம் வரை சிறைத்தண்டனை தரக்கூடிய இருதார மணக் குற்றமும் ஆகிறது. விவரம் தெரிந்தே உடன்பட்ட உங்கள் மீதும், முன்னின்று நடத்திய உறவினர்கள் மீதும் உடந்தை என்று வழக்கு வரலாம். மனைவி புகார் கொடுத்தால் போதும், நீங்கள் ஆசையாக எடுத்த கல்யாண போட்டோதான் முதல் சாட்சி. எந்தச் சடங்கும் இல்லாமல் வாழ்ந்தால் சட்டம் பேசாமல் இருக்கிறது, சடங்கு செய்தால் குற்றம் என்கிறது. விசித்திரமாகத் தெரியும். ஒருவர் தனிப்பட்ட வாழ்க்கையை எப்படி வாழ்கிறார் என்பது சட்டத்தின் கவலை இல்லை. ஆனால் மனைவி என்ற சட்ட அந்தஸ்தில் ஏற்கெனவே ஒரு பெண் இருக்கும்போது அதே அந்தஸ்தை இன்னொருவருக்குக் கொடுப்பது அந்தப் பெண்ணின் உரிமையைப் பறிப்பது, அதைச் சட்டம் விடாது.

நாளை விவாகரத்துத் தீர்ப்பு வந்தாலும் மறுநாளே பதிவு அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை, மேல்முறையீடு போட்டிருந்தால் அது முடியும் வரை, காத்திருக்க வேண்டும்.

மூன்று வருடம் வாழ்ந்தால் மனைவியா?

அப்படி ஒரு கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைத் திருமணமானவர்கள் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம், 1978இல் ஏறத்தாழ 50 வருடம் சேர்ந்து வாழ்ந்த ஒரு தம்பதி விஷயத்தில் அப்படித்தான் செய்தது. ஆனால் அது அனுமானம் மட்டுமே, எதிர்ச் சாட்சியம் வந்தால் உடைந்துவிடும். ஒருவருக்கு வேறு திருமணம் நிலுவையில் இருக்கிறது என்பதைவிட வலுவான எதிர்ச் சாட்சியம் எது?

உங்கள் தோழி கேள்விப்பட்டது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமாக இருக்கலாம். 'திருமணத்தைப் போன்ற உறவில்' வாழும் பெண்ணுக்கும் அது பாதுகாப்பு, ஜீவனாம்சம், குடியிருப்பு உத்தரவு எல்லாம் தருகிறது. நல்ல சட்டம், பல பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் எது 'திருமணத்தைப் போன்ற உறவு' என்பதற்கு 2010இல் வேலுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகள் வைத்தது. கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு அது. சமூகத்தின் முன் தம்பதிபோல வாழ்ந்திருக்க வேண்டும், கணிசமான காலம் விருப்பத்தோடு வாழ்ந்திருக்க வேண்டும், இருவரும் திருமண வயதை அடைந்திருக்க வேண்டும். முக்கியமாக, இருவரும் சட்டப்படி மணந்துகொள்ளத் தகுதியுள்ளவர்களாக, அதாவது வேறு திருமணத்தில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையில் நீங்கள் தடுக்கி விழுகிறீர்கள். 2013இல் இந்திரா சர்மா வழக்கில் இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள், ஆண் திருமணமானவர் என்று தெரிந்தே போன பெண்ணுக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை என்று. பல வருடம் ஒருவரோடு வாழ்ந்து, அவரை நம்பி இருந்த பெண் வெறுங்கையோடு நின்ற வழக்கு அது. இப்படிப்பட்ட பெண்களுக்குச் சட்டம் போதாது, நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே சொன்னது. அதன் பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. இதில் எனக்குக் கோபம் உண்டு. அந்தப் பெண்ணின் உழைப்பும் வருடங்களும் நிஜம், அவற்றைச் சுரண்டியவன் தன் தவறையே கேடயமாக்கித் தப்பிப்பது நியாயமே இல்லை. ஆனால் என் கோபம் உங்களுக்கு நீதிமன்றத்தில் உதவாது. இன்றைய சட்டம் இதுதான்.

உத்தராகண்டில் 2025 ஜனவரி முதல் சேர்ந்து வாழ்கிறவர்கள் பதிவு செய்தே ஆக வேண்டும், பதிவு செய்யாவிட்டால் சிறைத்தண்டனைகூட உண்டு. கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஜீவனாம்சம் கேட்கும் வழியும் அங்கே வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு தருகிறேன் என்று சொல்லி அரசு வீட்டுக்குள் வருகிற முறை அது, எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்நாட்டில் அப்படி எதுவும் கிடையாது. அங்கேயும் ஒருவர் ஏற்கெனவே மணமானவராக இருந்தால் அந்த உறவைப் பதிவு செய்ய முடியாது.

'ஏமாற்றிவிட்டார் என்று கிரிமினல் கேஸ் போடலாமே' என்று யாராவது சொல்வார்கள். மணப்பதாகப் பொய் வாக்குக் கொடுத்து உறவு வைப்பதற்கு நியாய சம்ஹிதையின் 69ஆம் பிரிவில் பத்து வருடம் வரை தண்டனை இருப்பது உண்மை. ஆனால் வாக்குக் கொடுக்கும்போதே நிறைவேற்றும் எண்ணம் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். அவர் மணமானவர் என்பதும், கல்யாணம் விவாகரத்தைப் பொறுத்தது என்பதும் உங்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அந்தப் பிரிவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இப்போது அந்த 9 லட்சம்

ஃபிளாட் அக்ரிமெண்ட் அவர் பெயரில், பணத்தில் கணிசமான பங்கு உங்களுடையது. 'நான் கொடுத்த பணம்தான், வீடு பாதி எனக்கு' என்று பின்னால் வழக்குப் போடலாம் என நினைத்திருப்பீர்கள். பினாமிச் சட்டம் குறுக்கே வந்து நிற்கும். ஒருவர் பணம் கொடுத்து, தன் நன்மைக்காக இன்னொருவர் பெயரில் சொத்து வாங்கினால் அது பினாமி. 'இது உண்மையில் என் சொத்து' என்று கேட்டு வழக்கே போட முடியாது, சொத்து பறிமுதல் வரை போகலாம். கணவன் மனைவி பெயரிலோ, மனைவி கணவன் பெயரிலோ கணக்கில் காட்டிய பணத்தில் வாங்கினால் விலக்கு உண்டு. உங்களுக்கு அந்த விலக்கு இல்லை.

பணத்தை அன்பளிப்பு என்று சொல்லிவிடலாமா? அதிலும் சிக்கல். உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்த அன்பளிப்புக்கு, வாங்கியவர் வருமான வரி கட்ட வேண்டும். நான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தாலும் வரிச் சட்டத்துக்கு நீங்கள் இருவரும் அந்நியர்கள். தவிர, அன்பளிப்பாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

நேரான வழி இரண்டு. கிரயப் பத்திரம் இன்னும் பதிவாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்குள் அக்ரிமெண்டில் உங்கள் பெயரையும் சேர்த்து, யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். யார் வேண்டுமானாலும் யாரோடும் கூட்டாகச் சொத்து வாங்கலாம், திருமணம் தேவையில்லை. சிக்கல் வங்கியிடம் வரும், பல வங்கிகள் வீட்டுக் கடனில் நெருங்கிய உறவினரைத்தான் இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கின்றன. முடியாது என்றால் இரண்டாவது வழி: நீங்கள் கொடுத்தது கடன் என்று தேதி, தொகை, எப்போது திருப்பித் தருவார் என்பதோடு எழுதி, அவர் கையெழுத்திட்ட ஆவணம். சேர்ந்து வாழ்வதற்காக என்று அதில் ஒரு வார்த்தையும் வேண்டாம். ஒழுக்கக்கேடான நோக்கத்துக்கான ஒப்பந்தம் செல்லாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது, அந்த வாதத்துக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்? இணையத்தில் கிடைக்கிற 'லிவ்-இன் அக்ரிமெண்ட்' மாதிரிகளை நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்பவர்களைப் பார்க்கிறேன், அதை நம்பி நீங்கள் எதுவும் செய்யாதீர்கள். பணம் தனி, உறவு தனி.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். காலக்கெடு எதுவும் குறிக்காமல் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க, கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. 22 மாதம் ஓடிவிட்டது. கெடு முடிவதற்குள் 'இவ்வளவு தர வேண்டும்' என்று அவர் எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். மாதாமாதம் அனுப்புகிற 24,000க்கும் இது பொருந்தும். வங்கிக் கணக்கு பணம் போனதைக் காட்டும், எதற்குப் போனது என்று காட்டாது. அடுத்த தவணையிலிருந்து குறிப்பில் 'ஃபிளாட் கடன்' என்று எழுதுங்கள், இதுவரை அனுப்பியதன் கணக்கை ஒரு மின்னஞ்சலில் போட்டு அவரிடம் 'சரி' என்று பதில் வாங்குங்கள். 'இதெல்லாம் கேட்டால் நம்பிக்கை இல்லை என்று நினைப்பார்' என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பணத்துக்கு ஒரு கையெழுத்துப் போட அவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

அவர் இல்லாமல் போனால்

கேட்கவே கஷ்டமான கேள்வி, ஆனாலும் கேட்டாக வேண்டும். இன்று அவருக்கு ஏதாவது ஆகி, உயில் இல்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்து மனைவிக்கும் மகளுக்கும் அவருடைய அம்மாவுக்கும் போகும். உங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது. நீங்கள் பணம் போட்ட ஃபிளாட்டும் அதில் அடக்கம். தான் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதி வைக்க அவருக்கு உரிமை உண்டு, இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் உங்கள் விஷயத்தில் பதிவு செய்வதே நல்லது. இன்ஷூரன்ஸிலும் வங்கிக் கணக்கிலும் உங்களை நாமினியாகப் போட்டிருக்கிறாராமே, நாமினி என்றால் பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் அதிகாரம், பெரும்பாலும் அது வாரிசுகளுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். வருங்கால வைப்பு நிதியில் நிலைமை இன்னும் கறார். மனைவியும் குழந்தையும் இருக்கும்போது குடும்பத்துக்கு வெளியே உள்ளவருக்குப் போட்ட நாமினேஷன் செல்லவே செல்லாது.

குழந்தை பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பிறக்கும் குழந்தை அப்பாவிடம் ஜீவனாம்சம் கேட்கலாம், பெற்றோர் மணமாகாதவர்கள் என்பது அதற்குத் தடையில்லை. தந்தை பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தாமல் தாயின் பெயரிலேயே பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அப்பா வழி பூர்விகச் சொத்தில் உரிமை வராது, 2010இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் அப்படித் தீர்ப்பாகியிருக்கிறது. முடிந்தால் விவாகரத்து வரை பொறுங்கள் என்பதே என் கருத்து.

எல்லாவற்றுக்கும் சாவி அந்த விவாகரத்து வழக்கு

உங்கள் கடிதத்தில் அவருடைய மனைவியும் மகளும் இரண்டே வரியில் வந்து போகிறார்கள். சட்டத்தின் முன் நடுவில் நிற்பவர்கள் அவர்கள்தான். அந்தப் பெண் ஏன் மூன்று வருடமாக எதிர்த்து வழக்காடுகிறார் என்று நீங்கள் அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? பழிவாங்கத்தான் என்று அவர் சொல்கிறார். அது உண்மையாக இருக்கலாம், அல்லது மகளின் படிப்புக்கும் தன் வாழ்க்கைக்கும் ஒழுங்கான ஓர் ஏற்பாடு இல்லாமல் கையெழுத்துப் போட அந்தப் பெண் மறுக்கலாம். இரண்டாவது என்றால் தீர்வு இருக்கிறது.

திருமணத்துக்கு வெளியே உறவு வைப்பது குற்றமில்லை என்றாலும் விவாகரத்துக்கு அது இன்னமும் ஒரு காரணம். நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்வதை நிரூபித்து, 'தன் தவறைத் தானே சாதகமாக்கிக்கொள்கிறார்' என்று மனைவி வாதாடினால், கொடுமை என்று அவர் போட்ட மனுவே தோற்றுப்போகலாம், இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதற்கு வழிவிடுகிறது. அந்த வாதத்தில்தான் உங்கள் பெயர் நீதிமன்ற ஆவணத்தில் ஏறும். உறவு முறிந்துபோய்விட்டது, சேர வழியில்லை என்பதை மட்டும் வைத்து குடும்ப நீதிமன்றம் விவாகரத்து தர முடியாது, உச்ச நீதிமன்றம் மட்டுமே தன் சிறப்பு அதிகாரத்தில் தரலாம் என்று 2023 மே மாதத் தீர்ப்பு சொல்கிறது. அவ்வளவு தூரம் போக எத்தனை வருடம் ஆகும் என்று யோசியுங்கள். பரஸ்பர சம்மதம்தான் குறுக்கு வழி. மத்தியஸ்தத்தில் உட்கார்ந்து, மகளுக்கும் மனைவிக்கும் நியாயமான தொகையையும் மகளைப் பார்க்கும் ஏற்பாட்டையும் முடிவு செய்துவிட்டால், ஆறு மாதக் காத்திருப்பைக்கூடத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இலேயே தீர்ப்பு இருக்கிறது. ஃபிளாட்டுக்கு மாதம் 48,000 கட்டுகிற குடும்பம், முதலில் அந்தச் சிறுமிக்கு என்ன தருகிறது என்று பார்ப்பதில் தவறில்லை. அவர் இதற்கு ஒத்துழைக்கிறாரா, இழுத்தடிக்கிறாரா என்பதை நீங்கள் நேரில் பார்க்கலாம். இழுத்தடிப்பது அவராகவே இருந்தால், இந்தக் கடிதத்தின் எல்லாக் கேள்விகளையும் நீங்கள் வேறு விதமாக யோசிக்க வேண்டியிருக்கும்.

ஃபிளாட் அக்ரிமெண்ட், உங்கள் வங்கிக் கணக்கின் 22 மாதப் பக்கங்கள், வாடகை அக்ரிமெண்ட், விவாகரத்து மனுவின் நகல், இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு இந்த மாதத்துக்குள் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவருடைய விவாகரத்தை நடத்துகிற வழக்கறிஞர் வேண்டாம், அவர் உங்கள் நலனைப் பார்க்கக் கடமைப்பட்டவர் இல்லை. உங்களுக்கென்று தனியாக ஒருவர் வேண்டும். கட்டணம் யோசனையாக இருந்தால், பெண்கள் எவ்வளவு சம்பாதித்தாலும் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள் என்று 1987ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும்.